மொட்டை மாடியில் மாட்டிய வானிலை

வீட்டுக்கு வீடு வெதர் ஸ்டேஷன் மாட்டிக் கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு. வெயில் அடித்தாலும் திட்டு விழும், மழை பெய்தாலும் திட்டு விழும் என்பதால் சும்மா இருக்கும் நாள் என்று ஒன்று கிடையாது. இன்வெர்ட்டரோ, வாட்டர் ஃபில்டரோ, வைஃபையோ அடுத்தவர் வீட்டில் எதையாவது மாட்டிவிட்டு, மறுநாள் அந்த வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். ஷிப்ட்டு, கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையை நானே விட்டுவிட்டு, மச்சான் சேகரின் கண்காணிப்புக் கேமரா கடையில் பங்குதாரனாகச் சேர்ந்தேன். சேகர் என் மனைவி கௌரிக்கு அண்ணன். தெருவுக்கு நாலு கேமரா கடை வந்துவிட்டதால் வியாபாரம் படுத்துக் கிடந்தது. நான்தான் பெரிய மேதாவிபோல, "வெதர் ஸ்டேஷன் போடலாம், ரோஜாத் தோட்டக்காரங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க" என்று யோசனை சொன்னேன். பெங்களூரு மொத்த வியாபாரியிடம் பல மாடல்கள் இருந்தன. நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்த காரணம், அதன் திரை கலராக இருந்தது. மழை பெய்தால் நீலத்தில் துளித்துளியாக விழும். அதைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டேன்.

பெட்டி என்றால் இரண்டு உருப்படி. காற்றை அளக்கச் சுற்றும் கிண்ணங்களும் மழையை அளக்கும் சின்ன வாளியும் கொண்ட ஒரு கம்பம் மாடியில் நிற்கும். வீட்டுக்குள் சுவரில் ஒரு திரை இருக்கும். இரண்டும் ஒயர் இல்லாமல் பேசிக்கொள்ளும். வைஃபையில் இணைத்துவிட்டால் போனிலும் பார்க்கலாம். சேகர் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஐப்பசியில் என் மகள் யாழினிக்கு, மாமனார் ஊரான கல்லாவியில் காதுகுத்து. அதற்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் மிச்சப் பெட்டிகள் பெங்களூருக்குத் திரும்பும், நான் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டும். தொழிற்சாலையின் பழைய சூப்பர்வைசரும், இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார். மறுபடி அந்த நைட் ஷிப்ட்டுக்குப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை.

ஓயாத புயல்

முதல் பெட்டியை வாங்கியவர் திருநெல்வேலிக்காரர். இங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறார், குடியிருப்பது அடுக்குமாடியில் மேல் தளம். மாட்டிய அன்றே திரையில் கருமேகமும் மின்னலும் வந்துவிட்டன. புதுப் பெட்டி முதல் நாளே வேலையைக் காட்டுகிறது என்று நான் பெருமையாக விடைபெற்றேன். மறுநாளும் மின்னல். அதற்கு மறுநாளும் மின்னல். வெளியே ஓசூர் வெயில் ஜம்மென்று அடித்துக்கொண்டிருக்கிறது. அவர் போன் செய்தபோதெல்லாம் வங்காள விரிகுடாவில் ஏதோ உருவாகிறது என்று நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். மனிதர் நம்பி ரெயின்கோட்டோடு ஷிப்ட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அவர் மனைவி மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார்.

கடைசியில்தான் கையேட்டைப் புரட்டினேன். ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டுமாம். ஓசூர் மேட்டு ஊர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். நாம் கடற்கரையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெட்டிக்கு, அந்தக் குறைந்த அழுத்தம் சாட்சாத் புயலாகவே தெரியும். இதைக்கூடப் படிக்காமல்தான் நான் கடை பரப்பியிருந்தேன். போய்ச் சரிசெய்தேன், மேகம் விலகிச் சூரியன் வந்தது. வீடு முழுக்கக் கொடி கட்டி ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பியவர் சொன்னார்:

"தம்பி, நீங்க மழையக் கொண்டாராட்டாலும் பரவாயில்ல, வெயில் அடிக்குதுங்கிறத மட்டும் ஒத்துக்கிடுங்க."

காலி செய்த வானிலை

பாகலூர் ரோட்டுப் பக்கம் மஞ்சுளாம்மா என்று ஒரு வீட்டுக்காரம்மா. வீட்டில் கன்னடம், வாடகைக்காரர்களிடம் தமிழ். கீழே அவர் குடியிருந்தார், மேல் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். கம்பத்தை நட்டு முடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. வைஃபையில் இணைக்கத்தான் மதியச் சாப்பாடு போய், மாலைக் காபியும் ஆறிப் போனது. இந்தக் காலத்து ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசை அனுப்பும், ஒன்று வேகமானது, மற்றது பழையது. நான் தேர்ந்தெடுத்த கலர் பெட்டிக்குப் பழையது மட்டும்தான் பிடிக்கும். வேகமானதைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. அழித்தேன், அணைத்தேன், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒருவழியாக, அந்தம்மா போனில் இருந்த வைஃபையின் பழைய அலைவரிசையில் அது ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அது யாருடைய வைஃபை என்று கேட்கத் தோன்றவில்லை.

அது மேல் வீட்டுக்காரர்களுடையது. வந்த புதிதில் மரியாதைக்கு அவர்கள் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார்கள். அந்தம்மாவும் கரண்ட், தண்ணீர்போல இதுவும் வீட்டோடு சேர்ந்தது என்று இருந்துவிட்டார். கொஞ்ச நாளில் அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகி, ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். போனில் மழை, காற்று, வெப்பம் எல்லா இடத்திலும் வெறும் கோடு. நான் போய் நின்றபோது மஞ்சுளாம்மா கோபப்படவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்பவர்போலத்தான் கேட்டார்:

"வீடு காலி பண்றவங்க பல்பு கழட்டிட்டுப் போவாங்க, ஃபேன் கழட்டிட்டுப் போவாங்க, நோடிதீனி, பாத்திருக்கேன். காத்து மழையெல்லாமா தம்பி கழட்டிட்டுப் போவாங்க?"

பாரூரில் தினசரி மழை

பாரூரில் கரும்பும் நெல்லும் போட்டிருக்கும் ஒருவர் வீட்டில், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நல்ல இடம் இருந்தது. குழாய் ஏற்கெனவே நின்றிருந்ததால் கம்பத்தை அதிலேயே கட்டிவிட்டேன். தினமும் விடிகாலை மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழியும், வழிகிற தண்ணீர் நேராக மழை வாளியில் விழும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. ஏரிக்கரை முழுக்கக் காய்ந்து கிடந்த நாட்களில் அந்த ஒரு வீட்டில் மட்டும் தினமும் மழை பதிவாகியது. கடையில் உட்கார்ந்து போனில் பார்த்த நான், பாரூருக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சேகரிடம் வேறு சொல்லியிருந்தேன். விஷயம் தெரிந்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கம்பத்தை மாற்ற ஏணியைச் சாய்த்தபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்:

"நம்மூட்டுல மட்டும் தெனம் மழ பேயுதுன்னு நானே ஊரு பூரா சொல்லிட்டங்க. இப்பப் போயி மாத்துனா எம் மானம் போயிரும்."

பொட்டு வைத்த நாள்

ஆயுத பூஜை அன்று ஓசூரில் பொட்டு வைக்காத இரும்பு இருக்காது. லேத், லாரி, போர்க்லிப்ட், பஞ்சர் கடை கம்ப்ரசர் எல்லாம் குளித்து மாலை போட்டுக்கொள்ளும். தளி ரோட்டில் பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் ரோஜா வளர்க்கும் வெங்கடேஷ் என் மதிப்பான வாடிக்கையாளர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னை அண்ணா என்பார். அவருடைய தோட்டத்துப் பெட்டியை என் போனிலும் இணைத்து வைத்திருந்தேன், ஏதாவது ஆனால் நானே முந்திக்கொண்டு சொல்லி நல்ல பெயர் வாங்கலாம் என்று.

அன்று கடையில் நாங்களும் சுண்டலோடு உட்கார்ந்திருந்தோம். போனைப் பார்த்தால் தளி ரோட்டில் கொட்டோ கொட்டென்று மழை. சற்று நேரத்தில் நட்ட நடுப்பகலில் வெளிச்சம் குறைந்து இருட்டு, காற்று சுத்தமாக நின்றுவிட்டது. இப்படி ஒரு வானிலையை நான் கேள்விப்பட்டதே இல்லை. பதறிப்போய் வெங்கடேஷுக்குப் போன் போட்டு, பாலிஹவுஸின் பக்கத் திரையையெல்லாம் உடனே இறக்கச் சொன்னேன். அவர் கையில் வைத்திருந்த தேங்காயை உடைக்காமலே ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி, எல்லாத் திரையையும் இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார். வானம் பளிச்சென்று இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். தோட்டத்து ஆட்கள் மோட்டார், ஸ்பிரேயர், டெம்போ எல்லாவற்றையும் கழுவும்போது கம்பத்தையும் விடாமல் ஹோஸ் பிடித்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள், அதுதான் மழை. வெயிலை அளக்கும் தகட்டின்மேல் தாராளமாகச் சந்தனம் அப்பியிருக்கிறார்கள், அதுதான் இருட்டு. சுற்றும் கிண்ணங்களுக்குச் சாமந்தி மாலை. மூடிய திரைக்குள் வெந்துபோய் வெளியே வந்த வெங்கடேஷ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னார்:

"எல்லா மிஷினுக்கும்தான் பொட்டு வெச்சோம் அண்ணா. உங்களுது ஒண்ணுதான் கோச்சுக்கிச்சு."

காதுகுத்து

இந்த லட்சணத்தில் ஐப்பசி வந்தது. கடையில் பெட்டிகள் அடுக்கியபடியே இருந்தன. விசேஷம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்று சேகர் சொன்னார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

கல்லாவியில் மாமனார் வீட்டில் மாதிரிக்கு என்று ஒரு பெட்டி முன்பே மாட்டியிருந்தேன். எப்போது பார்த்தாலும் அதில் சூரியன்தான். காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் இறங்கியபோதுதான், அதற்கும் ஓசூர் உயரத்தையே கொடுத்துவிட்டேன் என்பது உறைத்தது. கல்லாவி தாழ்வான ஊர். சரியான உயரத்தைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சூரியன் போய்க் கருமேகமும் மழைத்துளியும் வந்துவிட்டன. கூடத்தில் ஊத்தங்கரையிலிருந்து வந்த உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். தெருவை அடைத்துத் துணிப்பந்தல் போட்டாயிற்று, வெட்டவெளியில் அடுப்பு வெட்டி, ஆட்டுக்கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு முந்தின நாள் சுவரில் மழை காட்டினால் யார் சும்மா இருப்பார்கள்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "செட்டிங் கொஞ்சம் தப்பாப் போட்டுட்டேன், அதைக் கண்டுக்காதீங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். பட்டனை இரண்டு முறை அமுக்கியும் பார்த்தேன், மழைதான் வந்தது. இதுவரை நான் மாட்டிய எதுவும் சரியாகச் சொன்னதில்லை. இது மட்டும் சொல்லிவிடுமா என்ன? கௌரி மட்டும் தனியாக வந்து, நிஜமாகவே தப்புத்தானா என்று கேட்டாள். அது அப்படித்தான் காட்டும், நீ போய் வேலையைப் பார் என்றேன்.

காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. எனக்கு நிம்மதி. யாழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஒரு காது குத்தி முடித்து, அவள் அலறலோடு அடுத்த காதுக்கு ஆசாரி கையை நீட்டியபோது முதல் துளி விழுந்தது. இரண்டாவது தோடு ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணிப்பந்தல் அப்படியே ஒழுகியது, பட்டுப் புடவைகள் வீட்டுக்குள் முண்டியடித்தன. எனக்கு அடுப்பு ஞாபகம்தான் வந்தது. ஊரைக் கூட்டிவிட்டுச் சோறு போட முடியாமல் போனால் சேகர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கொட்டுகிற மழையில் பின்பக்கம் ஓடினேன். அடுப்பு வெட்டிய குழியில் தண்ணீர் நின்றது. நெருப்பும் இல்லை, அண்டாவும் இல்லை, சமையல்காரரும் இல்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு டிராக்டர் கொட்டகையில் இருந்தன. விறகு நனையாமல் எரிந்துகொண்டிருந்தது, பிரியாணி தம்மில் இருந்தது, இலை போடப் பெஞ்சுகூட இழுத்துப் போட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே கௌரி சமையல்காரரை எழுப்பி, பெட்டியில் மழை காட்டுகிறது என்று சொல்லி, எல்லாவற்றையும் அங்கே மாற்றியிருக்கிறாள். என்னிடம் சொன்னால் வேண்டாம் என்பேன் என்று சொல்லவில்லை. நான் சொட்டச் சொட்ட வாசலில் நின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நான் எடுத்து வந்த பொருளை இந்த உலகத்தில் ஒரு ஆளாவது நம்பியிருக்கிறாளே. பந்தி முடிந்து கை கழுவிய சொந்தக்காரர்கள் சிலர் பெட்டியைப் பற்றி விசாரித்தார்கள். சேகர் அவர்களுக்கு என்னைவிட நன்றாக விளக்கிக்கொண்டிருந்தார், பெங்களூருக்குத் திருப்பி அனுப்பும் பேச்சே வரவில்லை. எனக்குத் தலை துவட்டத் துண்டு கொண்டுவந்த கௌரி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"நீங்க விக்கிற பொருளுன்னு நான் நம்புனங்க. நீங்களும் நம்பியிருந்தா பந்தலுக்கு மேல ஒரு தார்ப்பாய் போட்டிருக்கலாம்."

அன்றிலிருந்து பெட்டி என்ன காட்டினாலும் நான் மறுபேச்சில்லாமல் நம்புகிறேன், கௌரி ஒரு தரம் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு.