வெள்ளை நூல் காட்டிய மஞ்சள்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, ஆரணியில் எங்கள் சாயப் பட்டறையில் நடந்தது இது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது எங்கள் தொழில். கொதிக்கும் தொட்டியில் நூலை நான் முக்குவேன். நிறம் சரிதானா என்று சொல்வது மனைவி.

அப்போது எனக்கு உடம்பெல்லாம் அரிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகம். சாயத்தில் கை வைப்பவர்களுக்கு அரிப்பு சகஜம் என்பதால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். தோல் மஞ்சளாகத் தெரிந்ததையும் பொருட்படுத்தவில்லை. பட்டறையில் மாம்பழ மஞ்சள்தான் ஓடிக்கொண்டிருந்தது. பல வருடமாக எனக்குப் பெருங்குடலில் புண் நோய் உண்டு. அது மாத்திரையில் அடங்கியிருந்ததால் அதன் நினைப்பே வரவில்லை.

நிறம் பார்க்கும்போது, சாயம் ஏறாத வெள்ளை நூலைப் பக்கத்தில் வைத்து வெயிலில் பிடிப்போம். அன்று காலை மனைவி அப்படிப் பிடித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். அவள் திடீரென்று வெள்ளை நூலை என் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"இன்னா, என்னையும் தொட்டியில முக்கப் போறியா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மேல பாருங்க. கையில சாயம் ஒட்டும், சரி. கண்ணுக்குள்ள எப்படிங்க ஒட்டும்?"

உடன் இருந்த மைத்துனன், "காமாலை மாமா. கீழாநெல்லி அரைச்சிக் குடிங்க, ஜல்தியா எறங்கிடும்" என்றான்.

"நீ சும்மா இருடா. ஏற்கெனவே குடல் நோவோட மாத்திரை முழுங்கிகினு கீற மனுஷனுக்கு இலையை அரைச்சி ஊத்துவியா?"

அன்றே வேலூருக்குப் போனோம். மனைவி குடல் நோயைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். குடலில் இந்த நோய் உள்ள சிலருக்குக் கல்லீரலின் பித்தக் குழாய்கள் தழும்பேறிச் சுருங்குமாம். எனக்கு ஓரிடம் கிட்டத்தட்ட அடைத்தே போயிருந்தது. பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் கலந்ததால்தான் மஞ்சளும் அரிப்பும்.

"வயிறு நல்லாத்தானே இருக்குது, டாக்டர்?"

"வயிறு சும்மா இருக்கும்போதும் இது வளருங்க. இன்னும் விட்டிருந்தா கிருமி சேர்ந்து உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

வாய்வழியாகக் குழாய் விட்டு அந்த இடத்தை விரித்தார்கள். மஞ்சள் இறங்கியது, அரிப்பு போனது. நோய் போகவில்லை, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்கிறேன்.

குடல் அமைதியாக இருந்தால் உடம்பே அமைதி என்று நினைத்தவன் நான்; இப்போதெல்லாம் நிறம் பார்த்து முடித்து அவள் வெள்ளை நூலைக் கீழே வைக்கும் முன், அவள் கேட்காமலே வெயில் பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்து நிற்கிறேன்.