வியாழக்கிழமை மின்வெட்டும் வாக்மாரேயின் டப்பாவும்

வியாழக்கிழமை கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஆள் நிக்டியில் ஒருத்திதான் உண்டு. அவளை நான் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறேன்.

நிக்டி இருக்கிற பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வியாழன் வார விடுமுறை. பேரிங் கம்பெனியில் வேலை பார்க்கிற எனக்கும் அன்றுதான் லீவு. மின்வாரியமும் பழுது பார்க்க அதே நாளைத்தான் வைத்துக்கொள்ளும். ஆக, வாரத்தில் ஒரே ஒரு நாள் வீட்டில் இருக்கிறவனுக்கு அந்த நாளில் ஃபேன் கிடையாது. இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார்கள். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே சுஷ்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"இன்வெர்ட்டர் வந்தா என் டெஸ்ட் எப்படி நடக்கும்? நமக்குன்னு கிடைச்சிருக்கிற ஒரே வசதி இந்த கரண்ட் கட்தான். அதையும் கெடுக்கப் பாக்கறேளே!"

சுஷ்மா இதே மராத்தி மண்ணில், கோர்படியில் வளர்ந்தவள். அப்பா ராணுவக் கணக்கு அலுவலகம். காய்காரியிடம் மராத்தி, ரிக்‌ஷாக்காரரிடம் ஹிந்தி, என்னிடம் தமிழ், என்னைத் திட்டும்போது மூன்றும் கலந்து. வேண்டியது ஒன்றுதான், ஆளுக்குத் தகுந்தபடி கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்பாள். அவள் வேலையும் அதேதான். ஒரு நிரல், அதாவது புரோகிராம், "இந்தக் கோப்பைச் சேமி" என்று சாதாரணமாகச் சொல்லிவிடும். லினக்ஸ் இயங்குதளத்திடம் அதை ஒரு விதமாகக் கேட்க வேண்டும், விண்டோஸிடம் வேறு விதமாக. அந்தக் கேட்கிற பொறுப்பை எல்லா நிரல்களுக்கும் சேர்த்து ஏற்றுக்கொள்கிற பொதுத் தொகுப்பு ஒன்று உண்டு. லைப்ரரி என்பார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து சிலர் இணையம் வழியாகச் சேர்ந்து அதைப் பராமரித்தார்கள். அதில் விண்டோஸ் 98 பகுதி என் மனைவியின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. இதை நான் சொல்லிக் காட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

தொண்ணூற்று நான்கில் அவள் சேர்ந்த முதல் வேலையே ஒரு இயந்திரத்துக்கு எழுதிய மென்பொருளை இன்னொன்றில் ஓட வைப்பதுதான். கூட இருந்தவர்கள் எல்லாம் அந்தப் பிரிவிலிருந்து எப்போது தப்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவளோ "நேத்து ஓடாதது இன்னிக்கு ஓடித்து!" என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பிறகு கம்பெனி அந்தப் பிரிவையே மூடியது. பைத்தியம் மட்டும் தெளியவில்லை. எங்கள் ஹாலில் சோபா போட வேண்டிய இடத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தன.

வியாழக்கிழமை சோதனை அவளே கண்டுபிடித்தது. மூன்றும் கோப்புகளைச் சேமித்துக்கொண்டே இருக்கும். நடுவில் மின்வாரியம் தன் கடமையைச் செய்யும். கரண்ட் திரும்பியதும் எந்தக் கோப்பு பிழைத்தது என்று பார்ப்பாள். குழுவின் தலைவர் ஹென்ரிக், டென்மார்க்காரர். தங்கள் ஊரில் கரண்ட் போய் வருஷக்கணக்காகிறது, உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று அவர் ஒருமுறை எழுதினார். அந்த மெயிலை சுஷ்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

கீழ்வீட்டில் காளே காக்கூ. காக்கூ என்றால் மராத்தியில் சித்தி. கல்யாணமாகாத பையன்களுக்கும் தனிக்கட்டைகளுக்கும் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுப்பவர். யாருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, யாருக்குச் சர்க்கரை, யார் வியாழக்கிழமை உபவாசம் என்பதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு திண்டாடினார். சுஷ்மா அந்த மூன்று போக உபரியாகக் கிடந்த ஒரு பழைய விண்டோஸ் 98 கம்ப்யூட்டரை அவருக்குக் கொடுத்து, தன் லைப்ரரியை வைத்தே ஒரு சின்ன நிரலும் எழுதிக் கொடுத்தாள். காக்கூ திரையைப் பார்த்து டப்பா கட்டத் தொடங்கினார். பட்டியலின் கடைசிப் பெயர் வாக்மாரே, பஸ் கண்டக்டர். வியாழன் தோறும் உபவாசம், உபவாசத்துக்கு அங்கே ஆகுமென்கிற ஜவ்வரிசிக் கிச்சடிதான் டப்பாவில்.

ஒரு வியாழக்கிழமை, கரண்ட் போய் வந்த பிறகு, பட்டியலில் பாதியைக் காணவில்லை. காக்கூ திரையில் இருந்தவர்களுக்கு மட்டும் கட்டினார். மதியம் வாக்மாரே நேரிலேயே வந்துவிட்டார். உபவாசம் இருக்கிறவனைப் பட்டினி போடலாமா என்று அவர் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுஷ்மா சிரிக்கவில்லை.

"காக்கூ ஒண்ணும் பண்ணலை. என் லைப்ரரிதான் முழுங்கியிருக்கு," என்றாள். 

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு தண்ணி இல்லை. ப்ளக்கைப் பிடுங்குவாள், மாட்டுவாள், பார்ப்பாள். கோப்பு குத்துக்கல் மாதிரி இருக்கும். மறுபடி பிடுங்குவாள். ஹென்ரிக்குக்கு எழுதினாள். அவரும் அங்கே ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வெளியாக வேண்டும், அதற்குள் பிழை அகப்படாவிட்டால் விண்டோஸ் 98-ஐ விட்டுவிட்டு வெளியிடுவோம், பத்திரம் என்று சொல்ல முடியாததைக் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். நியாயமான மனிதர்தான். அதனால்தான் அவளால் சண்டை போடக்கூட முடியவில்லை.

"மூணு வருஷம்!" என்று என்னிடம் வெடித்தாள். "என் உழைப்பு போனாப் போறது. காக்கூ மாதிரி பழைய கம்ப்யூட்டரை வெச்சுண்டிருக்கறவாளுக்கெல்லாம் இனிமே யார் பாப்பா?"

மிச்சம் இருந்தது வியாழக்கிழமை ஒன்றுதான். காலையிலிருந்தே மூன்று கம்ப்யூட்டரையும் ஓடவிட்டு, கல்யாண வாசலில் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது போல் கரண்ட் போவதற்காகக் காத்திருந்தாள். போகவில்லை! சரித்திரத்தில் முதல் முறையாக வியாழக்கிழமை நிக்டியில் கரண்ட் போகவில்லை. யாரோ மந்திரி எதையோ திறந்து வைக்க வருகிறாராம். கட்டடமே கொண்டாடியது. நான் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டினேன், அவள் முகத்தைப் பார்த்ததும் மடக்கிக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் அவளே வாசல் பக்கம் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு போட்டாள். நான் பழக்க தோஷத்தில் பாய்ந்து போய் ஃப்ரிட்ஜ் ஸ்விட்சை அணைத்தேன்.

"அதை ஏன் பந்த் பண்றேள்?"

"இப்பத்தானே வந்திருக்கு. உடனே சாலு பண்ணினா கம்ப்ரெஸர் போயிடும். எப்படியும் மறுபடி போகும், அப்பறம்தானே நிலைச்சு வரும்?"

சுஷ்மா கம்ப்யூட்டர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"மறுபடி போகும்! மறுபடி போகும்! நான் ஒரு தடவைதான் பிடுங்கினேன். ஹென்ரிக்கும் ஒரு தடவைதான். நம்ம ஊர்ல கரண்ட் என்னிக்கு ஒரு தடவை போயிருக்கு?"

அவள் படபடவென்று சொன்னதில் எனக்குப் புரிந்தது இது. லினக்ஸில் புதுக் கோப்பைப் பழைய கோப்பின் பெயரிலேயே ஒரே வீச்சில் வைத்துவிடலாம். விண்டோஸ் 98 அதற்கு ஒப்புக்கொள்ளாது. முதலில் பழையதை நகர்த்தி ஓரமாக வைக்க வேண்டும், பிறகுதான் புதியதை அந்த இடத்தில் வைக்க முடியும். நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் ஓரத்தில் இருப்பதைப் படியெடுத்து அதன் இடத்தில் வைக்கும்படி சுஷ்மா எழுதியிருந்தாள். படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் மறுபடி போனால்? அடுத்த முறை எழுந்து பார்க்கிற நிரலுக்கு அந்தப் பெயரில் ஒரு கோப்பு தென்படும். பாதிக் கோப்பு என்று அதற்குத் தெரியாது. எல்லாம் சௌக்கியம் என்று நினைத்து, ஓரத்தில் இருந்த நல்லதை அழித்துவிடும்.

"மெயின்கிட்ட போய் நில்லுங்கோ! நான் கத்தினதும் அணைக்கணும்!"

படியெடுக்க நேரம் பிடிக்கட்டும் என்று காக்கூவின் பட்டியலையே திரும்பத் திரும்ப ஒட்டிப் பெரிய கோப்பாக்கினாள். நான் வாசலில் ஸ்விட்சைப் பிடித்தபடி நின்றேன். "இப்போ!" அணைத்தேன், போட்டேன். கம்ப்யூட்டர் சாவகாசமாக எழுந்து படியெடுக்க ஆரம்பித்தது. "இப்போ!" மறுபடி அணைத்தேன். சீக்கிரமாம். அடுத்த தடவை தாமதமாம். வேர்த்துக் கொட்டியது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமான நாளாக நாங்கள் இருவரும் சேர்ந்து இவ்வளவு உற்சாகமாக எதையும் செய்ததில்லை.

"போச்சு!" ஹாலிலிருந்து அலறல். "பாதி போச்சு! பத்ரி, வாக்மாரே போயிட்டார்!"

சந்தோஷம் தலைக்கேறினால்தான் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அலறல் கேட்டுக் காளே காக்கூ மாவுக் கையோடு மாடியேறி ஓடி வந்தார். "அக சுஷ்மா, காய் ஜாலா?" என்று, என்ன ஆச்சோ ஏதாச்சோ என அவர் பதற, சுஷ்மா அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வாக்மாரே போய்விட்டார் என்று குதிப்பவளைப் பார்த்து அவர் திகைத்துப் போனார். என் சட்டையிலும் மாவு அப்பியது.

பிழையைக் கண்ணால் பார்த்த பிறகு திருத்துவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. படியை வேறு பெயரில் எடுப்பது, முழுதும் முடிந்த பிறகுதான் உண்மையான பெயரைச் சூட்டுவது, அதுவரை பழையதைத் தொடாமல் இருப்பது. எழுதி முடித்ததும் என்னை மறுபடி வாசலுக்கு விரட்டினாள். அணைத்தேன், போட்டேன், அணைத்தேன், கை கடுக்கும் வரை. ஒவ்வொரு தடவையும் காக்கூ திரையில் கடைசி வரியைப் பார்த்து, "வாக்மாரே ஆஹே!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவர் இருக்கிறார், ஒவ்வொரு தடவையும் இருக்கிறார் என்று கேட்கக் கேட்க சுஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

திருத்தத்தையும் சோதனையையும் ஹென்ரிக்குக்கு அனுப்பினாள். மந்திரி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது, மெயில் போன கையோடு கரண்டும் போயிற்று.

மறுநாள் பதில் வந்திருந்தது. இரண்டு முறை அணைத்துப் பார்த்ததில் அவருடைய கோப்பும் பாதியாகிவிட்டதாம். திருத்திய பிறகு அசையவில்லையாம். விண்டோஸ் 98 இருக்கும், பதிப்பு அன்றைக்கே வெளியாகும் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: வாக்மாரே யார்?

அவசரத்தில், சோதனைக்கு எடுத்த காக்கூ பட்டியலின் கடைசி வரியான வாக்மாரே பெயரை சுஷ்மா மாற்றாமலே அனுப்பியிருந்தாள். யாரும் அதை மாற்றச் சொல்லவும் இல்லை. இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில், எந்தக் கம்ப்யூட்டரில் அந்தச் சோதனை ஓடினாலும், கரண்ட் இரண்டு முறை போய் வந்த பிறகும் வாக்மாரே இருக்கிறாரா என்றுதான் அது பார்க்கிறது. இருந்தால்தான் தேர்ச்சி.

வாக்மாரேக்கு இது எதுவும் தெரியாது. போன வியாழக்கிழமைகூட, கிச்சடியில் உப்பு குறைச்சல் என்று காக்கூவிடம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். சுஷ்மா மாடியிலிருந்து கேட்டுக்கொண்டே நின்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.