எங்களுக்கு வைக்காத வரவேற்பு

எஞ்சினிலிருந்து புகை வந்தபோது நாங்கள் செபமாலையின் நடுவில் இருந்தோம். ஜெர்மனியின் பழைய நிலக்கரி ஊரான கெல்சென்கிர்ச்சனில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஆண்டுதோறும் பெல்ஜியத்திலுள்ள ஒரு மாதா கோவிலுக்கு யாத்திரை போவோம். அந்த முறை லியேஜ் நகரத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பஸ் நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது. சரியாக்க மத்தியானமாகும் என்று சொல்லிவிட்டு, சாரதியான ஜெர்மன்காரர் பஸ்ஸுக்கு அடியில் புகுந்துகொண்டார்.

பஸ் நின்ற இடம் நகரசபைக் கட்டடத்தின் வாசல். நாங்கள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கவும் கதவு திறந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டுத்துணி கட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் இரு கைகளையும் விரித்தபடி வந்தார். எங்களைக் கண்டதும் ஒரு கணம் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு பஸ்ஸின் ஜெர்மன் இலக்கத் தகட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள் நான் ஒருத்திதான். எல்லோருமாக என்னை முன்னால் தள்ளினார்கள்.

"ஜெர்மனியிலிருந்துதானே வருகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஆம்" என்றேன். பொய்யில்லை.

"எங்கள் சகோதர நகரத்துப் பாடகர் குழுதானே?"

அந்த ஊருக்கும் ஜெர்மனியில் எங்கேயோ ஒரு ஊருக்கும் நட்பு ஒப்பந்தமாம். அங்கிருந்து வரும் விருந்தாளிகளுக்காகத்தான் காத்து நின்றிருக்கிறார். எங்கள் யாத்திரைக்குத் தலைமை தாங்கும் அக்காவிடம் இதை மொழிபெயர்த்தேன்.

"பூசையில நாங்கள்தானே பாடுறனாங்கள்? ஓம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அக்கா.

"சகோதர நகரமோ எண்டும் கேக்கிறார் அக்கா."

"கிறிஸ்தவர் எல்லாரும் சகோதரர்தானே. முதல்ல டொய்லெற் எங்கை எண்டு கேள்."

டொய்லெற் உள்ளே இருந்தது. அதற்குப் பக்கத்து மண்டபத்தில் பெல்ஜியத்து இனிப்பு அப்பங்களான வாஃபிள்களும் கோப்பியும் பரப்பப்பட்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்லும் எண்ணம் எங்களில் யாருக்கும் வரவில்லை.

ஆனால் முதலில் ஊர் சுற்றவேண்டும் என்றார் பட்டுத்துணிக்காரர். அவர் நகரசபையில் கலாசாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர். நாள்கணக்காகத் தயார்செய்து வைத்திருந்தார் போலும். முன்னால் அவர், பக்கத்தில் நான், பின்னால் மதியச் சாப்பாட்டுப் பைகளோடு எங்கள் சனம்.

இந்த ஊரை முன்பு மன்னர்கள் ஆளவில்லை, லியேஜ் நகரத்துக் கத்தோலிக்க ஆயர்தான் ஆண்டார், படையும் வைத்திருந்தார் என்றார்.

மன்னாரைச் சேர்ந்த அண்ணை ஒருவர் நடையை நிறுத்தினார். "சண்டைக்குப் போனால் பூசை ஆர் வைக்கிறது? கேட்டுப் பார்."

கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்லி அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார்.

பிறகு பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், கடைசியில் பெல்ஜியம் பிறந்தது. கீழே மியூஸ் ஆறு, மேலே வயல், மண்ணுக்கடியில் நிலக்கரி. கரி தோண்ட இத்தாலியர்கள் வந்தார்கள். எழுபதுகளில் அரசாங்கம் ஐந்து கிராமங்களைச் சேர்த்து ஒரே நகரசபையாக்கியது. ஆனால் இன்றைக்கும் ஒரு கிராமத்தான் மற்றக் கிராமத்தானோடு கோப்பி குடிக்கமாட்டான் என்று பெருமூச்சு விட்டார்.

"அஞ்சை ஒண்டாக்கினவங்களோ?" என்றார் அண்ணை. "எங்கடை ஆக்களெண்டால் ஒண்டை அஞ்சாக்கி, அஞ்சுக்கும் தலைவர் போட்டிருப்பினம்."

பின்னால் சிரிப்பு வெடித்தது. என்ன சொன்னார் என்று உறுப்பினர் கேட்டார். எங்கள் சங்கங்களின் கதையைச் சுருக்கிச் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

கடைசியாக மரங்கள் அடர்ந்த ஒரு குன்றில் ஏற்றினார். அக்கா மூச்சு வாங்க ஏறி, உச்சியில் சிலுவை அடையாளம் போட்டார்.

"இது கடவுள் படைத்த மலையல்ல" என்றார் உறுப்பினர் பெருமையோடு. "சுரங்கத்திலிருந்து வந்த கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது."

மொழிபெயர்த்தேன். அக்கா என்னை முறைத்தார். "எங்கடை வீட்டுக்குப் பின்னாலை நிக்கிறதும் இதுதானே. இதைப் பாக்கவோ பெல்ஜியத்துக்கு வந்தனாங்கள்?"

"அழகான மலை என்கிறார்" என்றேன் பிரெஞ்சில்.

கீழே இறங்கி வந்தால், எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் இன்னொரு பஸ். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்ட வயதான ஜெர்மன்காரர்கள், பாட்டுக் கோப்புகளைப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள். நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டித் தாமதமாம்.

உறுப்பினர் அவர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நீங்கள் யார்?" என்று மெல்லக் கேட்டார்.

"மாதாவிடம் போகிறவர்கள்" என்றேன். எனக்குக் காது சூடாகியிருந்தது.

அவர் பிறகு வந்த விருந்தாளிகளிடம் ஊர் சுற்றலாமா என்று கேட்டார். கால் வலிக்கிறது, சாப்பிடலாமா என்றார்கள் அவர்கள். அவர் என் பக்கம் திரும்பி, "மலை ஏறியவர்களுக்குத்தான் முதல் வாஃபிள்" என்றார்.

அக்கா எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். மீன் ரோல்ஸை ஜெர்மன்காரர்கள் உறைப்பில் கண் கலங்கிக்கொண்டே தின்றார்கள். அவர்கள் நாலு குரலில் பாட, நாங்கள் மாதா பாட்டு ஒன்றைக் கைதட்டிப் பாடினோம். எங்களுக்குத்தான் உறுப்பினர் எழுந்து நின்று தட்டினார்.

கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாதா பவனி முடிந்து, சனம் கலைந்துகொண்டிருந்தது. மெழுகுதிரி மட்டும் கொளுத்தினோம். ஒருவரும் குறைப்படவில்லை. திரும்பும் வழியில், தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சாரதி முணுமுணுத்தார். அக்கா கைப்பையைத் திறந்து, கடதாசியில் சுற்றிய ஏழெட்டு வாஃபிள்களை அவர் மடியில் வைத்தார்.

எப்போது எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.