உத்தரவாதம் கிடையாது

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அம்மாக்கண்ணு டிக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்ப்பாள். வாங்கின கையோடு பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மலை இறங்குகிற வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. மாத்திரை வாங்கினால் அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பாள். முட்டை வாங்கினால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களின் வண்டி நம்பரைக் குறித்து வைத்ததும் அவள்தான். யாராவது முகம் சுளித்தால், "கேக்கறதுல இன்னா தப்பு? மெய்யா இருந்தா நிக்கப்போவுது" என்பாள்.

வயது நாற்பத்தாறு. பத்தாவது வரை படிப்பு. ஜவ்வாது மலையில் சாமையும் கொஞ்சம் புளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். ஊர் வன உரிமைக் குழுவின் செயலாளர். ஐந்து வருடத்துக்கு முன்னால் கீழிருந்து ஒருவர் மலையேறி வந்தார். தலைமுறை தலைமுறையாக உழுகிற நிலத்துக்கு உரிமை கேட்டு ஊர் எழுதி வைத்திருந்த அறுபத்திரண்டு மனுக்களையும் "நம்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போனார். போனவர் போனவர்தான். அதன்பிறகுதான் ஊர்க்காரர்கள் அம்மாக்கண்ணுவைத் தேடி வந்து செயலாளர் ஆக்கினார்கள். இன்றைக்கும் யாராவது "நம்புங்க" என்று ஆரம்பித்தால் அவள் செருப்பைத் தேடுவாள். அடிக்க அல்ல, கிளம்ப.

மனுக்களை மறுபடி எழுதினார்கள், இந்தமுறை லேப்டாப்பில். அக்கா மகள் தமிழரசிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, அவள் கல்யாணமாகிப் போனபோது சித்தியிடம் விட்டுப் போனாள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர், நிலம், நான்கு எல்லை என்று இரண்டு வருடம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினாள் அம்மாக்கண்ணு. லேப்டாப்புக்கோ வயது பத்தைத் தாண்டிவிட்டது. பட்டனை அமுக்கிவிட்டு உலை வைத்தால் சாமைச் சோறு வெந்து இறங்கிய பிறகுதான் திரையில் வெளிச்சம் வரும். வந்ததும் மாடு மாதிரி படுத்துக்கொள்ளும். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில் எல்லா மனுவையும் அச்செடுத்து வாசித்தாக வேண்டும். தவறினால் இன்னொரு ஐந்து வருடம் போகும். ஊர் அவள்மேல் வைத்த நம்பிக்கையும் கூடவே போகும்.

அதனால்தான் செப்டம்பர் முழுக்கப் புதன்கிழமைதோறும் லேப்டாப்பை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்கினாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் அறுபத்திரண்டு வீட்டுக் கனம் இருந்தது. பக்கத்தில் உட்கார வந்த பெண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் நகர்ந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நதியாதான் வழி சொன்னாள்.

"புதுசு வாங்க வாணாம்க்கா. உள்ள இருக்கற சிஸ்டம்தான் கனம். லேசா ஒண்ணு போட்டா இதுவே ஓடும். லினக்ஸ்னு பேரு. சும்மாவே குடுக்கறாங்க."

"சும்மாவா?" அம்மாக்கண்ணு சாக்கை இறுக்கிக்கொண்டாள். "சும்மா குடுக்கணும்னு அவனுக்கு இன்னா தலையெழுத்து?"

"ஒளிவு மறைவு இல்லக்கா. எப்டி செஞ்சிருக்காங்கன்னு யாரு வேணா தொறந்து பாக்கலாம்."

"நீ பாத்தியா?"

நதியா பார்த்ததில்லை. இல்லை என்றே சொன்னாள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அம்மாக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

லேப்டாப்புக்குள் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. லினக்ஸில் பல வகை இருந்தன. முதல் புதன்கிழமை பார்த்தது விருட்டென்று திறந்துகொண்டது. பெயர் என்ன என்று கேட்டாள். பப்பி. அதற்கு அர்த்தம் கேட்டாள். நதியா வாயைக் கட்டியிருக்கலாம். நாய்க்குட்டி என்று சொல்லிவிட்டாள்.

"அறுபத்திரண்டு குடும்பத்து நெலத்த நாய்க்குட்டி வாயில குடுக்கறதா? எடு, எடு."

இரண்டாவது புதன்கிழமை வந்தது பார்க்க லட்சணமாக இருந்தது. கடிகாரம் சரி செய்யும் இடத்தில் கல்கத்தா என்று எழுதியிருந்ததை அம்மாக்கண்ணு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நான் ஏலகிரியே தாண்டல. கல்கத்தாக்காரனுக்கு இங்க இன்னா வேல?"

"நம்ம நாட்டு டைமுக்கே அந்தப் பேருதான்க்கா."

"அப்போ அவன் போய் பேரு வெச்சிட்டு வந்திருக்கான். நம்மளக் கேட்டானா?"

மூன்றாவது, டெபியன். ஓர் அலங்காரமும் இல்லாத கறுப்புத் திரை. நதியா பாஸ்வேர்டு அடித்தாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. அம்மாக்கண்ணு குனிந்து பார்த்தாள். எத்தனை எழுத்து என்றுகூட அடுத்தவனுக்குக் காட்டாத பெட்டி. முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அடுத்து இங்கிலீஷில் நாலு வரி வந்தது. படிக்கச் சொன்னாள்.

"இதுக்கு எந்த உத்தரவாதமும் கெடையாதுன்னு போட்டிருக்குக்கா. எல்லாத்துலயும் இருக்கறதுதான், இதுல மின்னாடியே..."

"இன்னொரு வாட்டி படி."

படித்தாள். அம்மாக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி வருசத்துல என்கிட்ட ஒருத்தனும் இத மொதல்ல சொன்னதில்ல. இதையே போடு."

போடுவதென்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அதற்கு நாலாவது புதன்கிழமை ஆயிற்று. மனுக்களை இரண்டு பென் டிரைவில் ஏற்றினார்கள். இரண்டிலும் அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்லி, கடைக்கு வந்த இரண்டு பேரை "அப்பால வாங்க" என்று அவளே அனுப்பிவிட்டாள். நதியாவுக்கு எரிச்சல் வந்தது, ஆனாலும் அடுத்த மனுவைத் திறந்தாள். கடைசியில் நதியா பட்டனை அமுக்கும்போது அம்மாக்கண்ணு பார்க்க மாட்டாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் புது சிஸ்டம் ஏறி, லேப்டாப் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. நதியா பென் டிரைவைச் செருகி முதல் மனுவைத் தட்டினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்திலும் வெறும் கட்டங்கள்தான்.

அம்மாக்கண்ணுவின் கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. இன்னொரு பென் டிரைவ் அங்கே இருந்தது. அதிலும் கட்டமாகவே இருந்தால்? ஊருக்குப் போய் என்னவென்று சொல்வாள்?

"அழிச்சிட்டியா?"

"இல்லக்கா, இல்லக்கா. தமிழ் எழுத்து இன்னும் போடல. மனு உள்ளதான் இருக்குது, காட்டத் தெரில. ரெண்டு நிமிசம்." நதியா நெட்டிலிருந்து எதையோ இறக்கினாள், மூடித் திறந்தாள். கட்டங்கள் கலைந்து, கோபால்சாமி என்று எழுத்து வந்தது. கீழே அவன் நிலம், நான்கு எல்லை.

நதியா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தியாக்கா? எல்லாம் அப்டியே இருக்குது."

அப்படியேதான் இருக்கிறதா? கட்டமாகிப் போய்த் திரும்பி வந்த எழுத்து. அம்மாக்கண்ணு போனை எடுத்தாள்.

"கோபால்சாமி, எங்க இருக்கற? கொல்லையிலயா? நல்லதாப் போச்சி. நின்ன எடத்துல நின்னு சொல்லு. உனுக்குக் கெழக்கால இன்னா இருக்குது?"

"இன்னாக்கா ஆச்சி உனுக்கு? ஓடை."

திரையில் அவள் விரல் ஓடை என்ற சொல்லின் கீழே போய் நின்றது.

"மேக்கால?"

"எங்க அண்ணன் நெலம்."

"வடக்கால?"

"பாறை."

"தெக்கால?"

"புளியமரம் இருந்திச்சி. ஆடிக் காத்துல சாஞ்சி வெட்டிட்டம். இப்ப வெறும் மேடுதான்."

விரல் புளியமரத்தின் மேல் நின்றுவிட்டது. நதியா எட்டிப் பார்த்தாள்.

"மின்னாடியே சொல்ல மாட்டியா? நாளைக்கு ஆபீசரு நெலத்துக்கு வந்து பாத்தா மரத்தக் காட்டுன்னு கேக்க மாட்டான்?" என்று போனை வைத்தாள் அம்மாக்கண்ணு. நதியா மரத்தை அழித்து மேடு என்று அடித்தாள். மலைக்குப் போகும் பஸ் எதிரே வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மாக்கண்ணு ஸ்டூலை லேப்டாப்புக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாவது மனுக்காரரின் நம்பரைப் போட ஆரம்பித்தாள்.