காணும் பொங்கலும் ஒரு பிடி உப்பும்

காணும் பொங்கலன்று மரக்காணத்தில் யாரும் வீடு தங்கமாட்டார்கள். எழுபதுகளில், எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது பொங்கல் அது. உப்பளத்தில் மழைத்தண்ணீரை இறைத்துவிட்டுப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் சமயம். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஒரு நாள்தான் ஓய்வு.

"பாண்டிக்குப் போலாம். பீச்சப் பாத்துட்டு, அப்படியே ஒரு சினிமாவும் பாத்துட்டு வரலாம்" என்றார் என் கணவர்.

"கடலத்தான் தெனமும் பாக்கறோமே. வானூர் பக்கம் ஏரிக்கரைக்குப் போலாங்க. பச்சையா எதையாவது பாக்கணும் போல இருக்குது" என்றேன்.

பச்சை என்பதெல்லாம் சாக்கு. அந்த ஏரியை ஒட்டித்தான் என் அப்பாவின் நிலம். அம்மா இல்லாத என்னை வளர்த்தவர். அவர் பார்த்து வைத்த விவசாயி மாப்பிள்ளையை வேண்டாமென்று தள்ளிவிட்டு நான் உப்பளத்துக்காரரைக் கட்டிக்கொண்டதும், என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை. பிடிவாதத்தில் நானும் அவர் மகள்தான், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்குத் தனி ஆளாக என்னத்தைப் பொங்கியிருப்பார் என்ற நினைப்பு வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கணவருக்கு அது புரிந்துவிட்டது.

"அவரு மொகத்தத் திருப்பிக்கினு போனா நீ அழுவ. நல்ல நாளும் அதுவுமா அதப் பாக்க என்னால ஆவாது."

"நான் ஒண்ணும் அழமாட்டேன்."

புளிச்சோறு கிளறி முடிக்கும்வரை இதே சண்டைதான், கடலா ஏரியா என்று. கடைசியில் அவர் பெட்டியைத் திறந்து கல்யாண வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். பீச்சுக்கு யாரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவதில்லை. நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அப்பா மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மாட்டுக் கொம்புகளில் முந்தின நாள் பூசிய வர்ணம் பளபளத்தது. எங்களைப் பார்த்தார், நின்றார். பிறகு மாடுகளைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். என் கணவர் என்னைப் பார்க்காமல் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகையை மறைக்கத்தான் அவசரமாகச் சோற்றைப் பிரித்து வைத்தேன். அவர் ஒரு வாய் போட்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

"உப்பு போட்டியா?"

சண்டை மும்முரத்தில் மறந்தே போயிருக்கிறேன். வாசலைத் தாண்டினால் உப்பு அம்பாரமாகக் கிடக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து உப்பில்லாத சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புரையேறும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "கெணத்துக் கொட்டாயில இருக்கும் இல்ல? போய்க் கேளு" என்றார் மெதுவாக.

இருக்கும். கூழுக்கென்று அப்பா அங்கே ஒரு சட்டியில் எப்போதும் உப்பு வைத்திருப்பார். வரப்பில் நடந்து போய் அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, கொஞ்சம் உப்பு வேணும்."

அவர் சட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மூடிய கை மூடியபடியே இருந்தது. ஒரு பிடி உப்புக்குக்கூட மனசு வரவில்லையா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. திரும்பிவிடப் பார்த்தேன்.

அவர் ஒரு வாழையிலையைக் கிழித்துக் கிணற்று மேடையில் போட்டு, உப்பை அதன்மேல் வைத்தார்.

"கையில வாங்காத. சண்ட வந்துடும்" என்றார்.

இத்தனை நாளாக என் முகத்தில் விழிக்காத மனிதர், தனக்கும் எனக்கும் சண்டை வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழமாட்டேன் என்று காலையில் அடித்த சவடாலெல்லாம் அங்கேயே போயிற்று.

அப்பா ஏரிப் பக்கம் பார்த்தார். என் கணவர் சோற்றை அப்படியே விட்டுவிட்டு, மரத்தடியைத் தாண்டி வெயிலில் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர ஏன் வெயில்ல நிக்க வச்சிருக்க? சோத்த எடுத்துக்கினு இங்க வரச் சொல்லு" என்றார் அப்பா. "எனக்கும் கொஞ்சம் போடு."