பொன்னாடைக்குப் பிறகு என் கதை

என் மகள் மலேசியக் குடிமகள் இல்லை. நான் மலேசியப் பெண். அவள் அப்பா தமிழ்நாட்டுக்காரர். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அங்கேயே அவளைப் பெற்றேன். அப்போதிருந்த சட்டப்படி, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசிய அப்பாவின் குடியுரிமை வரும், மலேசிய அம்மாவுடையது வராது. சுமந்து பெற்றவள் கணக்கிலேயே இல்லை. மலேசியாவில், பாசிர் கூடாங்கில் வளர்ந்து, காலையில் நாசி லெமாக் சோறு இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவள், பள்ளியில் அந்நிய மாணவி.

சட்டத்தை மாற்றக் கேட்ட இயக்கத்தில் சேர்ந்தேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்து, கதை சொல்லப் பயிற்சி கொடுத்தாள். சட்டப் பிரிவுகளைச் சொன்னால் நாடாளுமன்ற உறுப்பினர், அதாவது எங்கள் ஒய்.பி., தூங்கிவிடுவாராம். கதைக்குத்தான் மனம் இளகுமாம்.

"மூணு நிமிஷம்தான் கா. இந்த இடத்துல குரல் கொஞ்சம் உடையணும்."

"எனக்கு அழுகை வரல மா. ஆத்திரம்தான் வருது."

"அலமாக், ஆத்திரம் வேணாம் கா. ஒய்.பி.ங்களுக்குப் பிடிக்காது."

வீட்டில் மீன் கழுவும்போதுகூடக் குரலை உடைத்துப் பழகினேன். கணவர் இருமல் மருந்து வாங்கி வந்தார்.

ஒய்.பி.யைச் சந்திக்கும் நாளில் மண்டபம் கொடுத்தது உள்ளூர்ச் சங்கம். நம் ஆட்களிடம் ஒலிவாங்கி போனால் தெரியாதா? தலைவர், மேடையில் இருந்தவர்களை வரிசையாக 'அவர்களே' போட்டு விளித்தார். சாப்பிட மீகூன் சேமியா உபயம் செய்தவரையும் விடவில்லை. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். படம் சரியாக விழவில்லை என்று ஒய்.பி.க்கு மறுபடியும் போர்த்தினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

என் பெயரை அழைத்தபோது ஒய்.பி.யின் உதவியாளர் எழுந்துவிட்டார்.

"சாரி கா, ஒய்.பி.க்கு அடுத்த ஃபங்ஷன் இருக்கு. கதைய வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க லா."

ஒய்.பி. இறங்கி வரும் வழியில் நானும் மகளும் நின்றோம். வாயைத் திறந்தேன், உடைய வேண்டிய குரல் வரவே இல்லை. அவர் அவள் தலையில் கை வைத்தார்.

"நல்லா படிமா. பதினெட்டு வயசானதும் மொத ஓட்டு அங்கிளுக்குத்தான், சரியா?"

"அந்த ஓட்டைக் கேக்கத்தான் அங்கிள் வந்தோம்," என்றாள் என் மகள்.

மண்டபமே கைதட்டியது. இப்படி ஒரு ஆதரவாளரா என்று ஒய்.பி. பூரித்துப்போய், தம் பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டுக் காரில் ஏறினார்.