நின்றுபோனது எது?

விழுப்புரத்தில் ஆபீஸ் மாடிப்படியில் நின்றபடி போனை எடுத்தேன். திண்டிவனத்திலிருந்து அம்மா. "நின்னுபோச்சுடா" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எதும்மா நின்னுபோச்சு? சொல்லித் தொலையேன்!"

"பாட்டுடா. அதோட அவரும் நிறுத்திட்டாரு. வாயத் தொறந்துக்கினே உக்காந்திருக்காரு."

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் பேச்சு இல்லை. தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. ஆனால் பழைய பாட்டு ஓடினால் கூடவே பாடுவார், ஒரு சொல் பிசகாது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "பாட்டை மட்டும் விட்றாதீங்க. அதைப் புடிச்சிக்கினுதான் பேச்சு வரணும்" என்று சொல்லியிருந்தார். அதற்காகவே வைஃபையில் பாடும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே வைத்தேன். ஒரு வாரமாக அது பாதியில் நின்று நின்று போனது. நின்ற இடத்திலேயே அவரும் நின்றுவிடுவார். கண் மட்டும் மிரளும். நெட் கோளாறா, இன்னொரு அட்டாக்கா என்று ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கேட்டுத் துளைப்பேன்.

போனிலேயே வைத்தியம் பார்த்தேன். "ரௌட்டர்ல லைட்டு என்ன கலர்ல எரியுதுன்னு பாரும்மா." போய்ப் பார்த்து, பச்சை என்றாள். அவள் பார்க்கும்போதெல்லாம் பாட்டு தானாக ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி நின்றது. எனக்கு மண்டை காய்ந்தது. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அம்மாவுக்கு மூன்று நான்கு போன் போட்டிருப்பேன். எடுத்தால் பயம், எடுக்காவிட்டால் அதைவிடப் பயம்.

வீட்டில் ரௌட்டர் மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒயர் பீரோவின் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. இரும்பு பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைக்கு அடியில் ரௌட்டர் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"அதுலேர்ந்து வர்ற அலை தலையில அடிக்குமாம்டா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க. இரும்புக்குள்ள வச்சா வெளிய வராதாம்."

"அந்த அலைதாம்மா பாட்டையே கொண்டு வருது!" கத்திவிட்டேன்.

"அடிபட்ட தலைடா அது. இன்னொரு தபா வந்துச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

நானும் அதே பயத்தில்தான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

அவள் மனசுக்காக, அப்பாவின் தலைக்கு எட்டாத தூரத்தில், ஹாலின் கடைசி மூலையில் ரௌட்டரை மாட்டினேன். பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுசாக வைத்தேன். அப்பா பாட ஆரம்பித்தார். பல்லவி முடிந்து சரணமும் தடங்கலில்லாமல் வந்தது. அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

சட்டென்று அப்பா நிறுத்தினார்.

பாட்டு நிற்கவில்லை. பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. வாய் கோணுகிறதா என்று அவர் முகத்தையே பார்த்தேன். நெட்டின் மேல் பழி போட வழியில்லாமல் நின்றேன். அவர் நல்ல கையை மெல்லத் தூக்கினார். உதடு துடித்தது.

"சத்தம்... கொற."

ராகமே இல்லாமல் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவசரத்தில் போனைத் தடவியதில் தப்பான பக்கம் அழுத்திவிட்டேன்; பாட்டு மாறி, அலறலாக வேறொன்று ஓடியது.

"கொறடா!" என்றார் அப்பா, கோபமாக.